கை பின்னாடி போறது

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, போனில் ஓட்டை என்றால் சார்ஜ் போடும் ஓட்டை ஒன்றுதான். அதுவும் இன்னும் எத்தனை நாளோ. நான் தி. நகர் சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் உட்கார்ந்த காலத்தில் இயர்போன் குத்துவதற்கென்றே வட்டமாக ஒரு ஓட்டை இருந்தது. காலையில் கதவைத் திறந்ததும் வரும் முதல் ஆள் பெரும்பாலும் அதற்காகத்தான் வந்திருப்பார்.

"ஒரு காதுல மட்டும்தான் கேக்குது" என்பார்கள். போனை வாங்கிப் பின்னால் பெஞ்சில் இருக்கும் டில்லியிடம் கொடுப்பேன். டில்லி எங்கள் டெக்னீஷியன். என் வயதுதான். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்த வீடுகளைக் காலி செய்து ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகு இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்தார். ஊசியைவிட மெல்லிய ஒரு கம்பியை உள்ளே விட்டுத் துழாவி, கிடைத்ததை வெள்ளைத் தாளில் வைத்துக் கவுன்ட்டருக்குக் கொண்டுவருவார். சட்டைப் பை நூல், விபூதி, கடற்கரை மணல், ஒருமுறை காய்ந்த மல்லிகை இதழ். ஊரூர் குப்பத்திலிருந்து வந்த மீன்காரம்மா ஒருவரின் போனிலிருந்து பளபளவென்று ஒரு செதில் வந்தது.

"இன்னா யக்கா, வஞ்சிரமா?" என்று கேட்டார் டில்லி.

"வஞ்சிரத்துல ஏது நைனா செதிலு? சங்கரா அது" என்று அந்த அம்மா திருத்தினார். கடையே சிரித்தது.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. பழுது என்றால் கண்ணுக்குத் தெரியும். ஒயர் பிய்ந்திருக்கும், முனை வளைந்திருக்கும், உள்ளே அழுக்கு இருக்கும். "இதுதாங்க" என்று எடுத்துக் காட்டலாம். வந்தவரும் நிம்மதியாகப் போவார். ஒயர் இல்லாமல் வந்த பிறகு எடுத்துக் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. கணினித் திரையில் பச்சை டிக் விழுந்தால் நல்லது, சிவப்பு விழுந்தால் கெட்டது. அவ்வளவுதான். பச்சை டிக்கை நம்பி நான் செய்த ஒரு தவறைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

அவர் மயிலாப்பூரில் இருந்தார். பெயர் வேண்டாம். மிருதங்கக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபதைத் தாண்டியவர். பெரிய சபாக்களில் வாசித்த புகழ் எல்லாம் இல்லை. அவருடைய அக்கா பாடுவார், இவர் வாசிப்பார். கோயில் உற்சவம், நவராத்திரி, யார் வீட்டிலாவது கல்யாணம் என்று முப்பது வருடத்துக்கு மேல் அக்காவின் வலது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். அக்கா வேறு யாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடியதில்லை.

அக்காவின் கணவர், இவருடைய அத்திம்பேர், போன பிறகு, அக்காவை மகள் ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே பேத்தி ஒரு வழி செய்து கொடுத்தாள். அக்கா அங்கே பாடிப் பதிந்து அனுப்புவார். இவர் அந்தப் பாட்டை இயர்போனில் கேட்டுக்கொண்டே இங்கே வாசிப்பார். வாசிப்பைப் போன் பதிந்து, பாட்டோடு சேர்த்துவிடும். சேர்ந்ததை அக்காவுக்கு அனுப்புவார். வாரத்துக்கு ஒரு பாட்டு. அவர்களுக்கு மிஞ்சியிருந்த கச்சேரி அதுதான்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முதல் நாள் என் கண்ணில் பட்டது, துணிப்பையோடு நின்ற ஒரு பெரியவர் மட்டும்தான். பழைய போன் பேட்டரி உப்பிப் போய், புதுப் போன் வாங்கியிருந்தார். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த இயர்போன் முனையைக் காட்டிக் கேட்டார்.

"ஏம்மா, இதை எங்கே குத்தறது?"

"இப்ப வர்ற போன்ல அது கிடையாது சார். இனிமே எல்லாம் ஒயர் இல்லாமத்தான்."

சார்ஜ் ஓட்டையில் மாட்டி, பழைய இயர்போனையே பயன்படுத்த ஒரு சின்னக் கன்வர்ட்டர் இருந்தது. அது டிராயரில்தான் கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை. ஒயரில்லா இயர்போன் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. அதை விளக்கிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. காதில் வைத்துவிட்டு, ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

"ஒயரே இல்லாம எப்படிம்மா இவ்வளவு துல்லியமா வரது?"

"ஒரு வித்தியாசமும் தெரியாது சார். நான் சொல்றேன் பாருங்க" என்றேன். நான்தான் சொன்னேன். அவர் அதை வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். வரிசை நீளமாக இருந்தது. முறை வந்ததும் இயர்போன் பெட்டியை வைத்துவிட்டு, சொல்லத் தயங்கினார்.

"என்ன சார் பிரச்சினை?"

"கை பின்னாடி போறது."

எனக்குப் புரியவில்லை. "கேக்கறதுல என்ன பிரச்சினை சார்? சத்தம் குறையுதா, விட்டு விட்டு வருதா?"

"அதெல்லாம் நன்னாத்தான் இருக்கு. வாசிச்சுட்டுக் கேட்டா கை பின்னாடி போறது. பாட்டு முன்னாடி போயிடறது."

டெஸ்டில் போட்டேன். எல்லாம் பச்சை. நானே ஒரு பாட்டை முழுதாகக் கேட்டேன். மணி மாதிரி இருந்தது. "கை எல்லாம் எங்க டிபார்ட்மென்ட் இல்லியே சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். கேலியாகச் சொல்லவில்லை, சகஜமாகத்தான் சொன்னேன். அவரும் சிரித்தார். புகார் என்ற கட்டத்தில் 'ஒலிப் பிரச்சினை' என்று எழுதினேன். அவர் சொன்ன வார்த்தையை எழுதவில்லை. முடிவு என்ற கட்டத்தில் 'பழுதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் மறுபடி வந்தார். இந்த முறை கையையும் காட்டினார். அந்த வருடம் ஊரெல்லாம் பரவிய மூட்டு வலிக் காய்ச்சல் அவருக்கும் வந்து போயிருந்தது. விரல் கணுக்கள் இன்னும் வீங்கியிருந்தன. மறுபடி டெஸ்ட் போட்டேன். மறுபடி பச்சை.

"நன்னாப் பாத்தேளா?"

"பாத்துட்டேன் சார். இதுல ஒண்ணுமே இல்ல."

"அப்போ எனக்குத்தான்" என்றார். மெதுவாகச் சொன்னார். பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டுப் போனார். வரிசையில் ஒரு ஆள் குறைந்தார் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. அதன் பிறகு அவர் வரவில்லை.

ஏழு மாதம் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை டில்லியின் பெஞ்சில் ஒரு டிவி. ஒயரில்லா ஸ்பீக்கரோடு யாரோ கொண்டுவந்து போட்டிருந்தார்கள். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. டில்லி கையில் டீ டம்ளரோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், இங்க வந்து பாரேன் கூத்த. வாய் முன்னாடி போய்க்கினு கீது, பேச்சு பின்னாடி வந்துகினு கீது."

போய்ப் பார்த்தேன். செய்தி வாசிக்கும் பெண் வாயை மூடிவிட்டாள். கடைசிச் சொல் அதற்கப்புறம் ஸ்பீக்கரில் வந்தது. ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். டில்லி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஒயரை மாட்டினார். வாயும் பேச்சும் ஒன்றாயின.

"ஏன் டில்லி இப்படி?"

"ஒயர்ல அப்படியே பூடும். இதுல மூட்டை கட்டி அனுப்பிச்சு, அந்தாண்ட பிரிச்சுல்ல எடுக்கணும். லேட்டாவாதா பின்ன? பாட்டு மட்டும் கேக்கறவனுக்கு இன்னா தெரியப் போவுது. மூஞ்சியப் பாத்தாத்தான் தெரியும்."

பாட்டு மட்டும் கேட்பவனுக்குத் தெரியாது. நான் பாட்டு மட்டும்தான் கேட்டேன். அவர் அந்தப் பாட்டுக்கு வாசித்தார். காதுக்கு வரும்போதே பாட்டு தாமதம். அவர் கேட்டதற்குச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். தாமதமில்லாத அசல் பாட்டோடு சேர்த்துக் கேட்கும்போது கை பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும். எத்தனை சாதகம் செய்தாலும் அது மாறாது. முப்பது வருடம் தாளம் பிசகாமல் வாசித்த மனிதரிடம், காய்ச்சலில் விரல் வீங்கியிருந்த நேரத்தில், 'இதில் ஒன்றுமே இல்லை' என்று இரண்டு முறை சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பழைய காகிதத்தைத் தேடி எடுத்து அவர் வீட்டு எண்ணுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். சர்வீஸ் சென்டர் என்றதும், "அவர் இப்போ அதெல்லாம் உபயோகிக்கறதில்லேம்மா" என்றார்.

"வாசிக்கிறாரா அம்மா?"

"விட்டுட்டார். லயம் போயிடுத்து, இனிமே தொடப்படாதுன்னுட்டார். மிருதங்கத்தை கோபாலபுரத்துல ஒரு ஸ்கூலுக்குக் குடுத்துடப் போறார். நாளைக்கு வந்து எடுத்துண்டு போறா."

மேனேஜரிடம் போனேன். நல்ல மனிதர்தான். நிதானமாகக் கேட்டார். "பொருள்ல பழுதில்ல. கஸ்டமரும் புகார் கொடுக்கல. நாமளே போய்க் கதவைத் தட்டி, நாங்க தப்பா சொல்லிட்டோம்னு சொல்லுவோமா? உங்க கையெழுத்து இருக்கற பேப்பரை நீங்களே திருத்துவீங்களா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் எழுதியது பொய்யும் இல்லை. இயர்போனில் நிஜமாகவே பழுது இல்லை. அந்த ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிடலாமா என்று எனக்கும் ஒரு நினைப்பு ஓடியது. மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் 'அப்போ எனக்குத்தான்' என்று அவர் சொன்ன விதம் காதை விட்டுப் போகவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். டில்லி டிராயரிலிருந்து கன்வர்ட்டரை எடுத்தார். தன் பையில் இருந்த பழைய ஒயர் இயர்போனை எடுத்துத் துடைத்தார். "வா மேடம், பூடலாம்" என்றார்.

ஆட்டோவில் போகும்போது எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்த மாமியைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கூடத்தில் அவர் ஈஸி சேரில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுவரோரம் உறை போட்டுக் கட்டிய மிருதங்கம், நாளைக்குப் போவதற்குத் தயாராக.

"சார், நான் தப்பு பண்ணிட்டேன்" என்றேன். "உங்க கை பின்னாடி போகல. அந்த இயர்போன்ல பாட்டு லேட்டா வருது. அது எல்லா ஒயரில்லா இயர்போன்லயும் அப்படித்தான். நீங்க சொன்னப்ப எனக்குப் புரியல. புரிஞ்சுக்கவும் முயற்சி பண்ணல."

அவர் கோபப்படவில்லை. நம்பவும் இல்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "என் மனசு கஷ்டப்படறதேன்னு சொல்றேளா?" என்றார்.

டில்லிதான் முன்னால் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சார், இந்த மேடம் சொல்றதயும் நம்பாத, நான் சொல்றதயும் நம்பாத. ஒரே ஒரு தபா இந்த ஒயரை மாட்டிக்கினு வாசி. பின்னாடி போச்சுன்னு வை, நாளைக்கு நானே வந்து அந்த ஸ்கூலுக்குத் தூக்கிக்கினு போறேன்."

அவர் டில்லியின் கையில் தொங்கிய ஒயரைப் பார்த்தார். விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏண்டி, ஆத்துல ரவை இருக்கா?"

மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து ஒட்டினால்தான் அது பேசும். சமையலறையில் டப்பா ஒன்று கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. கிண்ணத்தோடு மாமி வந்தபோது புடவை முந்தானை எல்லாம் ரவை.

உறையைக் கழற்றி, சுருதி சேர்க்கவே நேரம் பிடித்தது. ஏழு மாதமாகத் தட்டாத தோல். கல்லால் தட்டித் தட்டிச் சேர்த்தார். டில்லி கன்வர்ட்டரை மாட்டினார். "எந்தப் பாட்டு சார்?" என்று கேட்டுப் போனைப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"இன்னா சார், மூணு பாட்டு தொறக்காமயே கீது?"

அக்கா அனுப்பியவை. இவர் நிறுத்திய பிறகும் அக்கா மூன்று பாட்டு அனுப்பியிருக்கிறார். இவர் திறக்கவே இல்லை. 'வாசிக்க முடியாதபோது கேட்டு என்ன?' என்று விட்டுவிட்டாராம். காரணத்தை அக்காவிடம் சொல்லவும் இல்லை. "அவ பக்கத்துல உக்காந்து லயம் போயிடுத்துன்னு எப்படிச் சொல்றது?" என்றார். அக்கா ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிறார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து என்றுதான் சொன்னார்.

டில்லி அந்த மூன்றில் முதல் பாட்டைப் போட்டார். எங்களுக்குப் பாட்டு கேட்கவில்லை, இயர்போன் அவர் காதில் இருந்தது. எங்களுக்குக் கேட்டதெல்லாம் மிருதங்கம் மட்டும்தான். ஆரம்பத்தில் கை தயங்கியது. கொஞ்சம் போனதும் கண்ணை மூடிக்கொண்டார். ஓரிடத்தில் தலையை ஆட்டி, யாரோ எதிரில் இருப்பது போலச் சிரித்தார்.

முடிந்ததும் டில்லி இயர்போனைக் கழற்றிவிட்டு, பாட்டும் வாசிப்பும் சேர்ந்த பதிவை ஸ்பீக்கரில் போட்டார். வயதான ஒரு பெண் குரல் கூடத்தில் நிறைந்தது. மிருதங்கம் அதன் கூடவே போயிற்று. எனக்குச் சங்கீதம் தெரியாது. மாமியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எங்கேயும் கை நிற்கவில்லை.

மிருதங்கக்காரர் பதிவை முதலிலிருந்து மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏழு மாசம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அக்காவுக்கு அதை அனுப்பினார். அங்கே அப்போது சாயங்காலம். சற்று நேரத்தில் குரல் செய்தி வந்தது. ஸ்பீக்கரிலேயே போட்டார். மூச்சு இரைத்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று நின்று பேசினார் அக்கா.

"தம்பி... நீ என் மேல கோவமா இருக்கேன்னு நெனச்சுண்டு இருந்தேன்டா. நன்னா வாசிச்சிருக்கே. எனக்கு இப்போ பாட முடியறதில்லே. நெஞ்சுல சளி கட்டி, ஆஸ்பத்திரில கெடந்தேன். டாக்டர் இனிமே பாடப்படாதுன்னுட்டார். உன்கிட்டச் சொல்லப்படாதுன்னு இவாகிட்டயும் சொல்லி வெச்சுட்டேன். அதனால என்ன. நீ வாசி."

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிருதங்கக்காரர் போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த ஏழு மாதத்தில் வாரம் ஒரு பாட்டு வந்திருக்க வேண்டும். அக்காவுக்குக் குரல் இருந்த கடைசி மாதங்கள் அவை. என் பச்சை டிக் அதைத்தான் தின்றது.

"அடுத்ததைப் போடட்டா சார்?" என்று டில்லி மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம்ப்பா. இன்னும் ரெண்டுதானே இருக்கு."

மறுநாள் அலுவலகத்தில் அந்தப் பழைய காகிதத்தை எடுத்து, புகார் என்ற கட்டத்தில் 'ஒலிப் பிரச்சினை' என்பதை அடித்துவிட்டு, 'கை பின்னாடி போறது' என்று எழுதினேன். மேனேஜர் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து, பாடுபவரோ வாசிப்பவரோ வந்தால் முதலில் ஒயரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னார். வருபவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள் என்று நான் உங்களை இவ்வளவு தொந்தரவு செய்வது இதனால்தான். உங்களுக்கு அர்த்தம் புரியாவிட்டாலும் எழுதுங்கள். புரியாததை முக்கியமாக எழுதுங்கள்.

நான் ஓய்வு பெற்ற வாரத்தில், உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னை மறுபடி கூப்பிடுவதற்கு முன், மிருதங்கக்காரரைப் பார்க்கப் போனேன். மிருதங்கம் கூடத்திலேயே இருந்தது. பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேர் பாடக் கற்கிறார்கள், அவர்களுக்கு வாசிக்கிறேன் என்றார். அக்காவோடு தினமும் பேசுகிறாராம். அக்காவால் அதிகம் பேச முடியாது, இவர் பேசுவார், அவர் கேட்பார். இரண்டாவது பாட்டை அக்காவின் பிறந்தநாளுக்கு வாசித்து அனுப்பிவிட்டார்.

"மூணாவது சார்?"

அவர் போனை எடுத்துக் காட்டினார். திறக்காமலே இருந்தது.

"அவளும் கேட்டுண்டேதான் இருக்கா, மூணாவது எங்கேடான்னு. சுருதி சேரலே, விரல் வலிக்கறது, மழை பெய்யறதுன்னு ஏதாவது சொல்லிண்டு இருக்கேன்" என்றார். போனைத் திருப்பி மேஜைமேல் வைத்தார். "என்ன பாட்டுன்னுகூட இன்னும் எனக்குத் தெரியாது பாருங்கோ."